கொங்கோச் செம்பும் கோபால்ட்டும்: வன்னியிலிருந்து காசு போடுவதானால் எதில்?

சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததிலிருந்து ஒரே கேள்வியோடு மூன்று பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். ஒருவர் முள்ளியவளையில் ஓய்வுபெற்ற தாதி, கையில் பணிக்கொடைக் காசு இருக்கிறது. இன்னொருவர் பரந்தனில் இரண்டு அறுவடை இயந்திரம் வைத்து ஓட்டும் தம்பி. மூன்றாவது என் பெறாமகள். மூவருக்கும் வெளிநாட்டில் உறவு இருக்கிறது, மூவருக்கும் தொலைபேசியில் வந்த யோசனையும் ஒன்றுதான்: "இனி மின்சாரக் கார் காலம். கொங்கோவில செம்பும் கோபால்ட்டும் எடுக்கிற கம்பனியில போட்டால் ஐஞ்சு வருசத்தில எங்கேயோ போயிடும். காசை அனுப்புங்கோ, என்ர பேரில வாங்கி விடுறன்."

நான் முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன். 2018 இல் இதே யோசனையைக் கேட்டுக் காசை இழந்தவனும்தான். அந்த வருடம், மின்சாரக் கார் மின்கலத்தில் சேரும் கோபால்ட் தொன் ஒன்று 90,000 டொலரைத் தாண்டியது. ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி, ஒரு சிறு கம்பனியில் எனக்காக மூன்று இலட்சம் ரூபாவுக்குப் பங்கு வாங்கினார். அடுத்த வருடமே கோபால்ட் 30,000 க்குக் கீழே இறங்கிவிட்டது. பங்கை விற்றபோது கைக்கு வந்தது நாற்பதாயிரத்துக்கும் குறைவு. உலோகத்தின் விலை மூன்றில் ஒன்றானது, என் காசு எட்டில் ஒன்றானது. இடையில் இருந்த காசு எங்கே போனது என்று தேடப்போய்த்தான் இந்தத் தொழிலைப் படித்தேன்.

முதலில் எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, கம்பனி எதை விற்றுப் பிழைக்கிறது என்பது. உலகக் கோபால்ட்டில் நாலில் மூன்று பங்கு கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. ஆனால் அங்கே கோபால்ட்டுக்காக மட்டும் வெட்டும் பெரிய சுரங்கம் இல்லை. செம்பை எடுக்கும்போது கோபால்ட் கூட வருகிறது, நெல்லோடு வைக்கோல் வருவது போல. வைக்கோல் விலை விழுந்துவிட்டது என்று இரணைமடுவின் கீழ் யாராவது விதைக்காமல் விட்டிருக்கிறார்களா? அங்கேயும் அப்படித்தான். செம்பு விலை நன்றாக இருந்தால் சுரங்கம் ஓடும், கோபால்ட் குவியும், குவிந்தால் விலை விழும். 2025 இன் தொடக்கத்தில் கோபால்ட் தொன் 22,000 டொலருக்கும் கீழே போனதற்கு இதுவே பெரிய காரணம். கோபால்ட்டே சேராத இரும்பு பொஸ்பேற்று மின்கலங்கள் சீனக் கார்களில் பரவியதும் சேர்ந்துகொண்டது.

ஒரு கணக்கைப் பாருங்கள். உலகத்தில் அதிகம் கோபால்ட் எடுப்பது சீனாவின் சி.எம்.ஓ.சி. கம்பனி. 2024 இல் அது எடுத்த செம்பு சுமார் 650,000 தொன், கோபால்ட் சுமார் 114,000 தொன். செம்பைத் தொன் 9,000 டொலர் என்று வைத்தால் 5.9 பில்லியன் வருகிறது. கோபால்ட்டைத் தாராளமாக 25,000 என்று வைத்தாலும் 2.9 பில்லியனைத் தாண்டாது. அதிலும் கோபால்ட் தூய உலோகமாகப் போவதில்லை, ஹைட்ரொக்சைட் என்ற இடைநிலைச் சரக்காகப் போகிறது. வாங்குபவர் பொதுவாக உலோக விலையில் ஒரு பகுதியைத்தான் தருவார். உலகத்தின் முதல் கோபால்ட் கம்பனியே செம்பில்தான் பிழைக்கிறது. காரணம் எளிது. பெற்றோல் காருக்கு இருபது கிலோவை ஒட்டிய செம்பு போதும், மின்சாரக் காருக்கு எண்பது கிலோ அளவில் வேண்டும். எந்த மின்கலம் வந்தாலும் செம்பு தேவைப்படும்.

இரண்டாவது, பாதை. கொங்கோச் சரக்கின் பெரும்பகுதி சுரங்க நகரான கொல்வேசியின் பக்கத்திலிருந்து லொறியில் புறப்பட்டு, கசும்பலேசா எல்லையைக் கடந்து, சாம்பியா வழியாகத் துறைமுகங்களுக்குப் போகிறது. எல்லையில் நாட்கணக்கில் வரிசை நிற்கும். போரில் ஓமந்தைச் சாவடி மூடிய காலத்தில் கிளிநொச்சியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்று தெரிந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. பொருள் இருப்பது ஒன்று, அது பாதையைக் கடப்பது இன்னொன்று. 2025 பெப்ரவரியில் கொங்கோ அரசு கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்தியது. நாலு மாதம் என்றார்கள், பிறகு இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள். ஒக்டோபரிலிருந்து பங்கீட்டு முறை வந்தது. 2026, 2027 ஆகிய இரண்டு வருடங்களுக்கும் நாடு முழுவதற்கும் வருடம் 96,600 தொன்தான். விலை ஏறியது உண்மை. ஆனால் விலை ஏறினாலும், ஒரு கம்பனிக்குக் கிடைத்த பங்கீட்டுக்கு மேல் அதனால் விற்க முடியாது. "கோபால்ட் விலை ஏறுது, வாங்குங்கோ" என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "அந்தக் கம்பனிக்கு எத்தனை தொன் பங்கீடு?" என்பதைத்தான்.

மூன்றாவது, கம்பனி செலவுக்குக் காசை எங்கே பிடிக்கிறது: சொந்த வருமானமா, கடனா, புதிய பங்கா. என் மூன்று இலட்சத்துக்கான விடை இங்கேதான் கிடந்தது, கீழே வருகிறேன்.

நான்காவது, அந்த மண்ணில் இருக்கும் சனம். இதை மனச்சாட்சிக்காக மட்டும் சொல்லவில்லை, இலாப நட்டத்துக்காகவும் சொல்கிறேன். மன்னார்த் தீவின் இல்மனைற் என்ற கனிம மணலைத் தேடும் கம்பனி ஒன்று அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் இருக்கிறது. அங்கே பங்கு வாங்கியவர் அறிக்கையில் பார்ப்பது எத்தனை மில்லியன் தொன் மணல் என்பதை. பேசாலையில் இருப்பவர் பார்ப்பது தன் கிணற்றுத் தண்ணீரை. சனம் தெருவில் இறங்கியபோது அந்த அறிக்கையின் எண்கள் உதவவில்லை. கொல்வேசியின் கசுலோ என்ற பகுதியில் சனம் தங்கள் வீட்டுத் தரைக்குக் கீழேயே குழி தோண்டிக் கோபால்ட் எடுத்தார்கள். 2019 யூனில் ஒரு பெரிய கம்பனியின் சுரங்கத்துக்குள் தாங்களாகவே கையால் தோண்டப் போனவர்கள்மேல் மண் சரிந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். கேப்பாப்பிலவுச் சனம் சொந்தக் காணிக்காக இராணுவ முகாம் வாசலில் மாதக்கணக்கில் இருந்ததைக் கண்ட நாங்கள், பங்கு வாங்கும்போது அந்தச் சனத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்காமல் இருக்கக்கூடாது. கையால் தோண்டுபவர்களுக்கும் கம்பனிக்கும் என்ன ஏற்பாடு, இடம்பெயர்ந்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது வருடாந்த அறிக்கையில் இருக்கும். இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்.

கடைசி அளவுகோல் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. காசு எத்தனை வருடம் தேவைப்படாது? பங்கு யாருடைய பெயரில் இருக்கும்?

தேடல் கம்பனி

ரொறன்ரோவின் வெஞ்சர் என்ற சிறு கம்பனிச் சந்தையிலும், லண்டனின் சிறு சந்தையிலும், அவுஸ்திரேலியாவிலும் இவை நிறைய உண்டு. கையில் ஒரு அனுமதிப்பத்திரமும் நிலத்தில் போட்ட சில சோதனைத் துளைகளின் முடிவும்தான் இருக்கும், சுரங்கம் இருக்காது. பங்கு பத்து, இருபது சதத்துக்குக் கிடைக்கும். எங்கள் ஆட்களை இழுப்பதும் அந்த மலிவுதான்.

விற்க ஒன்றும் இல்லாத கம்பனி சம்பளத்தையும் துளைக்கூலியையும் புதிய பங்கு விற்றுத்தான் கொடுக்கும். நான் வாங்கியபோது என் கம்பனிக்கு எட்டுக் கோடிப் பங்கு. இரண்டு வருடத்தில் மூன்று தடவை புதிய பங்கு வெளியிட்டு இருபது கோடியைத் தாண்டிவிட்டது. மோருக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் பானையில் அளவு குறையாது, மோர்தான் குறையும். என் பங்குகளின் எண்ணிக்கை அப்படியே இருந்தது, கம்பனியில் என் பாகம் பாதிக்கும் கீழே போனது. மூன்றில் ஒன்று எட்டில் ஒன்றான கதை இதுதான்.

இந்த வகையைத் தொடுவதானால் இரண்டு தாள் பாருங்கள். ஒன்று, கடந்த ஐந்து வருடத்தில் மொத்தப் பங்கு எண்ணிக்கை எப்படி மாறியது என்பது. மற்றது வள அறிக்கை. 1997 இல் பிரி-எக்ஸ் என்ற கம்பனியின் இந்தோனேசியத் தங்கம் முழுப்பொய் என்று தெரிந்தபின், கனடா 43-101 என்ற விதியை 2001 இல் கொண்டுவந்தது. அதன்படி "ஊகித்த வளம்", "சுட்டிய வளம்", "அளந்த வளம்" என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும். ஊகித்த வளம் மட்டும் இருந்தால், கிணறு வெட்ட முன் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்த நிலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரவும் கூடும்.

தோண்டத் தொடங்கிவிட்டால் தப்பியது என்றும் இல்லை. அவுஸ்திரேலியாவின் ஜேர்வொய்ஸ் கம்பனி அமெரிக்காவின் ஐடஹோவில் கோபால்ட் சுரங்கத்தைக் கிட்டத்தட்டக் கட்டி முடித்தது. 2023 மார்ச்சில் விலை போதாது என்று நிறுத்தியது. 2025 சனவரியில் கடன்காரரிடம் போய்ச் சேர்ந்தது, பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

யாருக்குச் சரி? முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரிவதில் மாற்றமில்லை என்று சொல்லக்கூடியவருக்கு. அந்தத் தாதி அம்மாவுக்கு இல்லவே இல்லை.

கொங்கோவையே பெரிதும் நம்பும் கம்பனி

இங்கே உண்மையான சுரங்கம் இருக்கிறது, விற்பனை இருக்கிறது. ஆனால் முட்டை எல்லாம் ஒரே கூடையில். கனடாவில் பதிந்த ஐவன்ஹோ கம்பனியின் கமோவா-ககுலா சுரங்கம் 2021 இல் உற்பத்தியைத் தொடங்கியது, உலகின் மிகச் செழிப்பான செம்புச் சுரங்கங்களில் ஒன்று. கோபால்ட்டை நம்பாமல் செம்பையே நம்பி நிற்கிறது, அதுவரையில் எனக்குப் பிடிக்கும். 2025 மே மாதம் நிலத்தடி அதிர்வில் ககுலாச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு சுரங்கத்தைப் பெரிதும் நம்பிய பங்கு அன்றைக்கே சரிந்தது.

இந்த வகையில் நான் அதிகம் பயப்படுவது தண்ணீருக்கு இல்லை, உடைமைக்கு. ரொறன்ரோவில் பதிந்திருந்த கட்டாங்கா மைனிங் கொல்வேசியில் செம்பும் கோபால்ட்டும் எடுத்தது. பெரும்பங்கு சுவிற்சர்லாந்தின் கிளென்கோர் என்ற பெரிய கம்பனியின் கையில், ஒரு சிறு பகுதி சாதாரணச் சனத்திடம். 2018 இல் கொங்கோவின் அரசுக் கம்பனியான ஜெக்காமின், கடன் மலையைக் காட்டி அந்தச் சுரங்கக் கம்பனியைக் கலைக்கவே வழக்குப் போட்டது. அதே வருடம், கணக்கைப் பிழையாகக் காட்டியதற்காக ஒன்ராறியோவின் பங்குச் சந்தை ஆணைக்குழுவுக்கு 30 மில்லியன் கனேடிய டொலர் அளவில் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருடம் கடனைக் கழிக்கப் புதிய பங்கு வெளியிட்டபோது சிறு பங்குதாரரின் பாகம் கரைந்தது. 2020 இல் மிச்சப் பங்குகளையும் கிளென்கோர் வாங்கியபோது கொடுத்த விலை ஒரு பங்குக்கு 16 சதம். மண்ணுக்குள் செம்பு அப்படியேதான் இருந்தது.

அரசு வரி வேறு. 2018 இன் புதிய சுரங்கச் சட்டம் செம்பின் உரிமைத்தொகையை 2 வீதத்திலிருந்து 3.5 ஆக்கியது. கோபால்ட்டை மூலோபாயப் பொருள் என்று அறிவித்து 10 வீதம் ஆக்கினார்கள். இது இலாபத்தில் எடுப்பதல்ல, விற்பனையில் எடுப்பது. நட்டம் வரும் வருடத்திலும் கட்டத்தான் வேண்டும்.

பெரிய கம்பனி

கிளென்கோரும் சி.எம்.ஓ.சி.யும் இந்த வகை. கிளென்கோருக்கு நிலக்கரி, துத்தநாகம், எண்ணெய் வியாபாரம் என்று பல கால். கொங்கோவில் ஒரு கால் வழுக்கினாலும் நிற்கும். 2019 இல் கோபால்ட் விலை படுத்தபோது கொங்கோவிலுள்ள தன் முத்தாண்டாச் சுரங்கத்தை மூடிவைத்தது, விலை தேறியபின் திறந்தது. மூடிவிட்டுக் காத்திருக்க முடிவதுதான் பெரிய கம்பனியின் பலம். ஜேர்வொய்ஸுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஆனால் பெரியது என்பதால் பாதுகாப்பு என்று எழுதிவைக்க முடியாது. 2011 இல் 530 பென்சுக்கு லண்டன் சந்தைக்கு வந்த கிளென்கோர், 2015 செப்டெம்பரில் கடன் பயத்தால் 70 பென்சுக்கும் கீழே விழுந்தது. 2022 இல் ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுத்ததை ஒப்புக்கொண்டு ஒரு பில்லியன் டொலருக்கு மேல் கட்டியது. கொங்கோவும் அதில் ஒரு நாடு. அந்தத் தண்டம் பங்குதாரரின் காசு. சி.எம்.ஓ.சி.யின் தெங்கே சுரங்கத்தை எடுத்தால், உரிமைத்தொகைத் தகராறில் 2022 நடுப்பகுதியிலிருந்து ஒன்பது மாதமளவில் ஏற்றுமதியே நின்றது. கடைசியில் ஜெக்காமினுக்கு 800 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்துத்தான் பாதை திறந்தது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கோபால்ட் இரண்டு மடங்கு ஏறினாலும் கிளென்கோர்ப் பங்கு இரண்டு மடங்கு ஏறாது, நிலக்கரி விலை அதை வேறு பக்கம் இழுக்கும். கோபால்ட்டை நினைத்து இதை வாங்குபவர் ஏமாறுவார்.

பங்குக் கூடை

பல செம்புக் கம்பனிகளின் பங்குகளைச் சேர்த்து ஒரே பங்காக விற்கும் ஈ.டி.எஃப். நிதிகள் உண்டு. குளோபல் எக்ஸ் நடத்தும் செம்புச் சுரங்க நிதி பழையது, வருடக் கட்டணம் 0.65 வீதம். சிலி, பெரு, கனடா, கொங்கோ எல்லாம் கலந்திருக்கும். 2023 நவம்பரில் பனாமா நீதிமன்றம் ஃபேர்ஸ்ற் குவான்ரம் கம்பனியின் சுரங்க ஒப்பந்தம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. உலகச் செம்பில் ஒரு வீதம் எடுத்த சுரங்கம் மூடப்பட்டது, பங்கு ஓரிரு மாதத்தில் பாதிக்கும் மேல் சரிந்தது. அந்தப் பங்கை மட்டும் வைத்திருந்தவருக்கு அது இடி. கூடையில் வைத்திருந்தவருக்கு ஒரு தூறல்.

கூடையின் குறை, நல்லதோடு கெட்டதையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பது. செம்பு விலை விழும் வருடத்தில் எல்லாம் ஒன்றாகவே விழும். ஐந்து வருடத்துக்குக் குறைவாக வைக்கக்கூடிய காசு என்றால் இதிலும் வேண்டாம்.

ஊரிலேயே வைத்திருத்தல்

வங்கியில் நிலையான வைப்பு, வயல், நகை. இவற்றை யோசனை சொல்லும் உறவுகள் ஒப்பீட்டில் சேர்ப்பதே இல்லை. வட்டி இப்போது குறைவு. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரி கழிக்கிறார்கள். ஆனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு, நாளைக்கே எடுக்கலாம். எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது, செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. அன்றைக்கு ரூபாவில் மட்டும் வைத்திருந்தவரின் சேமிப்பு கண்முன்னே கரைந்தது. டொலரில் ஒரு சிறு பகுதி வேண்டும் என்று கேட்பவரின் ஆசையில் நியாயம் இருக்கிறது. நகையைப் பற்றி வன்னியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், 2009 இல் கழுத்தில் இருந்ததுதான் கடந்து வந்தது.

| வழி | எதை நம்பி நிற்கிறது | கண்ணில் படாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| தேடல் கம்பனி | துளை முடிவு, புதிய பங்கு விற்பனை | பாகம் கரைதல் | முழுவதும் போனாலும் தாங்குபவர் |
| கொங்கோவை நம்பும் கம்பனி | ஒரு சுரங்கம், ஒரு அரசு | உரிமைத்தொகை, பெரும்பங்காளியின் முடிவு | அறிக்கை வாசிக்க நேரமும் பொறுமையும் உள்ளவர் |
| பெரிய கம்பனி | பல உலோகம், வியாபாரம் | தண்டம், கோபால்ட் ஏற்றம் பங்கில் தெரியாமை | பங்கிலாபம் எதிர்பார்ப்பவர் |
| பங்குக் கூடை | உலகச் செம்பு விலை | வருடக் கட்டணம் | ஐந்து வருடத்துக்கு மேல் விடக்கூடியவர் |
| ஊரிலேயே | வட்டி, மழை, தங்க விலை | பணவீக்கம், ரூபா இறக்கம் | காசு எப்போதும் தேவைப்படக்கூடியவர் |

"என்ர பேரில வாங்கி விடுறன்"

எந்த வழியானாலும் மிகப் பெரிய மறைந்த செலவு இந்த வாக்கியத்தில் இருக்கிறது. இலங்கையிலிருந்து வெளிநாட்டுப் பங்கில் முதலிடுவது 2017 இன் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருகிறது, 2020 இலிருந்து வரையறைகள் மாறி மாறி வந்திருக்கின்றன. வங்கியில் போய் இன்றைய நிலையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அது சிக்கல் என்று பலர் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றில், அனுப்புகிறார்கள். அது சட்டத்துக்கு மாறு. அதோடு காசு போனதற்கு ஒரு துண்டும் இருக்காது.

சரி, போய்ச் சேர்ந்தது என்றே வைப்போம். ரொறன்ரோவில் தம்பியின் கணக்கில் இருக்கும் பங்கு, காகிதத்தில் தம்பியின் பங்குதான். விற்று வரும் இலாபத்துக்கு வரி அவர் பெயரில் விழும். அவருக்குக் கடன் பிரச்சினை வந்தாலோ, குடும்பம் பிரிந்தாலோ, ஏதும் ஆகிவிட்டாலோ, முள்ளியவளையிலிருந்து உரிமை கேட்க எந்தத் தாளும் இல்லை. என் ஒன்றுவிட்ட தம்பி நேர்மையானவர், விற்ற அன்றைக்கே காசு அனுப்பினார். ஆனால் எப்போது விற்பது என்று நான் இங்கேயும் அவர் அங்கேயும் யோசித்துக்கொண்டிருந்ததில் ஒரு வருடம் போனது. அவருக்கு என் காசைப் பற்றிய பயம், எனக்கு அவரிடம் கேட்கக் கூச்சம். இரண்டு வருடம் நாங்கள் பேசிய பேச்சில் பாதி இந்தப் பங்குதான்.

தாதி அம்மாவுக்கு நான் சொன்னது: பணிக்கொடை வங்கியிலேயே இருக்கட்டும், இரண்டு வங்கியில் பிரித்து வையுங்கள். பெறாமகளுக்குச் சம்பளம் உண்டு, வயது உண்டு. நேரான வழியில் தன் பெயரிலேயே வாங்க முடிந்தால் சேமிப்பில் பத்தில் ஒன்றுக்குள் கூடை, அவ்வளவுதான்.

பரந்தன் தம்பி விடுவதாக இல்லை. போன வாரம் இருவரும் கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தோம், எரிந்துபோன மோட்டர் ஒன்றை விற்க. கடைக்காரர் கவரைக் கழற்றி, செப்புச் சுருளைக் குறட்டால் இழுத்து எடுத்துத் தனியாகத் தராசில் வைத்தார். இரும்பை அந்தப் பக்கம் எறிந்தார். கொழும்பு விலையைத் தொலைபேசியில் பார்த்துத்தான் செம்புக்குக் காசு சொன்னார். தம்பி என்னைப் பார்த்தார். "உன்ர அண்ணன் சொல்லுற அந்தக் கனடாக் கம்பனி இதை எத்தனை தொன் விற்றிருக்காம் எண்டு கேள்" என்றேன். அங்கேயே நின்று மூன்று கேள்வியைத் தொலைபேசியில் அடித்து அண்ணனுக்கு அனுப்பினார்: போன வருடம் விற்ற செம்பு எத்தனை தொன், கோபால்ட் பங்கீடு எவ்வளவு, ஐந்து வருடத்துக்கு முன் பங்கு எத்தனை கோடி, இப்போது எத்தனை.

பதில் இன்னும் வரவில்லை. காசு இப்போதைக்கு வங்கியில் இருக்கிறது.